பெல்லட் கிரில்லில் வான்கோழி நெஞ்சுக்கறி: சாறு வற்றாமல் வேக வைக்கும் முறை

வான்கோழிக் கறி என்றாலே சக்கை மாதிரி இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பறவை மேல் குற்றம் இல்லை. தொடைக்கறிக்குக் கொடுக்கிற நேரத்தையே நெஞ்சுக்கறிக்கும் கொடுப்பதால் வரும் வினை அது. தொடையில் கொழுப்பும் சவ்வும் இருக்கின்றன. வேக வேக இன்னும் மெத்தென்று ஆகும். நெஞ்சில் இரண்டுமே குறைவு. நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அது சாப்பிடத் தயார். 80ஐத் தாண்டினால் சாறு முழுக்க வெளியேறி, கறி நார் நாராகப் பிரியும். அதற்குப் பிறகு எவ்வளவு கிரேவி ஊற்றினாலும் தேறாது.

ஆகவே இந்தச் சமையலில் மூன்று காரியம்தான் முக்கியம்: கடையில் சரியாக வெட்டி வாங்குவது, முந்தைய நாளே உப்புப் போடுவது, கடிகாரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புவது. மசாலா, மரத்தின் வகை, புகையின் மணம் எல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான். பெல்லட் கிரில் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு கட்டிகளை எரித்து, அந்தச் சூட்டிலும் புகையிலும் கறியை வேக வைக்கும் மின்சார அடுப்பு. இங்கே சொல்லும் வெப்ப அளவுகள் அனைத்தும் செல்சியஸ். அமெரிக்கத் தயாரிப்புக் கிரில்லாக இருந்தால் திரையில் ஃபாரன்ஹீட் காட்டும். 110 டிகிரி என்பது அங்கே 230, 165 என்பது 330.

கறிக்கடையில் சொல்ல வேண்டியது

சென்னையில் வான்கோழி ஆண்டு முழுக்க எல்லாக் கடையிலும் கிடைக்காது. டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வரத்து கூடும். ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது. நம் ஊர்ப் பறவையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நந்தனம் வான்கோழி-1 என்ற இனம் சென்னை நந்தனத்திலேயே, நம் நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் அமெரிக்க பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தையும் கலந்து, தமிழ்நாட்டு வெயிலுக்கு ஏற்ற மாதிரி உருவாக்கப்பட்டது. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் அகன்ற மார்புப் பறவையைவிட இப்படிப்பட்ட பறவைகளின் நெஞ்சு சிறியது, கொழுப்பும் குறைவு. அந்தக் குறிப்புகளில் 3 கிலோ நெஞ்சுக்குப் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே பின்பற்றினால் இங்கே கறி காய்ந்துவிடும். உயிரோடு 6 கிலோ இருக்கும் பறவையில் எலும்போடு சேர்ந்த நெஞ்சு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தேறும். இந்தக் குறிப்பு ஒன்றரை முதல் 2 கிலோ வரையான துண்டுக்கானது.

கோழிக்கடையில் ஒன்றும் சொல்லாமல் நின்றால், தோலை உரித்து, குழம்புத் துண்டாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். பழக்கம் அது. கத்தி வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, தோல் உரிக்காதீங்க. இறகு மட்டும் சுத்தமா எடுத்துடுங்க. நெஞ்சை எலும்போட ஒரே துண்டா, நடுவுல பிளக்காம குடுங்க. கால், தொடை, முதுகெல்லாம் குழம்புக்குப் போட்டுடுங்க." மஞ்சள் தடவித் தீயில் வாட்டித் தரட்டுமா என்று சில கடைகளில் கேட்பார்கள். முடி பொசுங்குகிற அளவுக்கு லேசாக வாட்டினால் போதும். தோல் சுருங்கும் அளவுக்குப் போய்விட்டால் அந்த இடம் கிரில்லில் கிழிந்துவிடும்.

தோல் ஏன் இவ்வளவு முக்கியம்? கறிக்கு மேலே இயற்கை போட்டு வைத்த மூடி அது. அடியில் இருக்கும் மெல்லிய கொழுப்பு உருகிக் கறி மேல் இறங்கும். நேர் அனலும் கறியில் படாது. எலும்பும் அப்படித்தான். அந்தப் பக்கம் சூடு மெதுவாக ஏறும், வேகும்போது நெஞ்சு உருக்குலையாமல் நிற்கும்.

உறைந்த துண்டாகக் குளிர்பதனக் கடையில் வாங்கினால் உறையைப் படியுங்கள். உப்புக் கரைசல் சேர்த்தது என்று எழுதியிருந்தால், கீழே சொல்லும் உப்பில் பாதி போதும். உறைந்த கறியைச் சமையல் மேடையில் வைத்து இளக்குவது சென்னை வெப்பத்தில் ஆபத்து. நடுவில் ஐஸ்கட்டியாக இருக்கும்போதே மேல்பாகம் கெட ஆரம்பித்துவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் தட்டு வைத்து, 2 கிலோவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

உப்பு: முந்தைய நாள் வேலை

கறியைக் கழுவுவது நம் வீடுகளில் விட முடியாத பழக்கம். கழுவுவதால் கிருமி போகாது; குழாயடியில் தெறிக்கும் தண்ணீர் அதைப் பக்கத்துப் பாத்திரங்களுக்குப் பரப்பும். கழுவியே தீர வேண்டும் என்றால் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதற்குள் அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பிறகு ஈரம் கொஞ்சமும் இல்லாமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியை நேரே துவைக்கப் போட்டுவிடுங்கள்.

எலும்போடு சேர்த்து எடை போட்டு, ஒரு கிலோவுக்கு 12 கிராம் உப்பு என்று கணக்கிடுங்கள். 1.8 கிலோ என்றால் ஏறக்குறைய 22 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம். தூள் உப்பும் கல் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. இந்த இடத்தில் 10 கிராம் கூடினால் கறி வாயில் வைக்க முடியாது. சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். கல் உப்புத்தான் இருக்கிறது என்றால் ஈரமில்லாத மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பக்கத்திலிருந்து விரல்களை மெதுவாக உள்ளே விட்டுத் தோலைக் கறியிலிருந்து பிரியுங்கள். ஓரங்களில் ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். உப்பில் முக்கால் பங்கைத் தோலுக்கு அடியில் கறி மேல் தேய்த்து, மிச்சத்தை எலும்புக் குழிவிலும் தோல் மேலும் தூவுங்கள். கம்பித் தட்டின் மேல், தோல் மேற்பக்கமாக, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். 24 மணி நேரம் சரியான அளவு. 12 மணிக்குக் குறையக் கூடாது. முதல் இரண்டு மணி நேரத்தில் கறியிலிருந்து நீர் வடியும், பயப்பட வேண்டாம். உப்பு அந்த நீரில் கரைந்து, அதே நீரோடு மறுபடி உள்ளே போகும். உள்ளே போன உப்பு தசைப் புரதத்தை இளக்கிவிடுவதால், சூட்டில் அது முறுக்கிச் சாற்றைப் பிழிந்து தள்ளுவது குறைகிறது. மூடாமல் வைப்பதால் தோலும் காய்ந்து, பிறகு மொறுமொறுப்பாகும்.

பச்சைக் கறியை எப்போதும் அடித்தட்டிலேயே வையுங்கள், சொட்டினாலும் வேறெதிலும் படாது. இட்லி மாவுப் பாத்திரத்தை இறுக்கி மூடுங்கள். திறந்திருக்கும் கறி புளித்த வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

கடைக்காரர் கேட்காமலேயே தோலை உரித்துவிட்டார் என்றால் முறையை மாற்ற வேண்டும். அப்போது உப்புத் தண்ணீர்: ஒரு லிட்டருக்கு 50 கிராம் உப்பு, 20 கிராம் நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் தட்டிய மிளகு, இரண்டு பிரிஞ்சி இலை. கொதிக்க வைத்து, முழுக்க ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் குளிர்ந்த பிறகுதான் கறியை அதில் முக்க வேண்டும். 8 முதல் 12 மணி நேரம், முழுக்க ஃபிரிட்ஜிலேயே. கிரில்லில் வைக்கும்போது, உருக்கிய வெண்ணெயில் நனைத்த சுத்தமான மல் துணியால் மேலே போர்த்தி, அரை மணிக்கொரு தடவை வெண்ணெய் தடவிக்கொண்டே இருங்கள். தோல் செய்கிற வேலையில் முக்கால் பங்கை அது செய்துவிடும். எலும்பில்லாத துண்டு என்றால் சாயம் போடாத பருத்திக் கயிற்றால் உருளையாகக் கட்டுங்கள். நைலான் கயிறு கூடாது, உருகும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தந்தூரிக்குச் செய்வது போலத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு எல்லாம் அப்பி ஊறவைக்க வேண்டாம். விழுது கறியின் மேல் ஈரப் போர்வை போல் நின்று புகையைத் தடுக்கும், பிறகு கருகும். புளிப்பு அதிக நேரம் பட்டால் மேற்பரப்பு மாவு மாதிரி ஆகிவிடும். பப்பாளிக்காய் அரைத்துப் போடுவது இன்னும் மோசம். ஆட்டுக்கறிக்குச் சரி, இந்த மெல்லிய நெஞ்சு குழைந்துபோகும்.

வெண்ணெயும் பொடியும்

உப்பில்லாத வெண்ணெய் 60 கிராமை வெளியே வைத்து இளக்குங்கள். 6 பல் பூண்டைத் துருவி, இருபது கறிவேப்பிலையைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஓர் எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் சீவி, எல்லாவற்றையும் அதில் குழைத்துத் தோலுக்கு அடியில் பரப்புங்கள். உப்பில்லா வெண்ணெய் கிடைக்காவிட்டால், உப்பு வெண்ணெயில் இருக்கும் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெய் பயன்படுத்துவது அதைவிட எளிது.

மேலே தூவ: கொரகொரப்பாகப் பொடித்த மிளகு 2 டீஸ்பூன், வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை 2 டீஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், பூண்டுப் பொடி 1 டீஸ்பூன், சோம்புப் பொடி அரை டீஸ்பூன். இதில் உப்பு சேர்க்காதீர்கள், அது ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது. கரம் மசாலா வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கிராம்பும் பட்டையும் புகையோடு சேர்ந்தால் மருந்து வாடை அடிக்கிறது. பொடி தோலில் ஒட்டுவதற்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவினால் போதும்.

கிரில் எப்படி வேலை செய்கிறது, சென்னையில் எங்கே மக்கர் செய்யும்

1980களில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோ டிரேகர் உருவாக்கிய வடிவம்தான் இன்றைய பெல்லட் கிரில்களுக்கு அடிப்படை. பக்கத்தில் இருக்கும் பெட்டியில் மரத்தூளை அழுத்திச் செய்த சிறு பெல்லட்டுகளைக் கொட்டுகிறீர்கள். அடியில் இருக்கும் ஆகர் என்ற திருகுத் தண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீச்சட்டிக்குள் தள்ளுகிறது. ஒரு மின்கம்பி பழுத்துப் பற்றவைக்கிறது. மின்விசிறி காற்றூதித் தீயை வளர்த்து, சூட்டையும் புகையையும் உள்ளே சுற்றவிடுகிறது. தீச்சட்டிக்கு மேலே ஒரு தகடு இருப்பதால் தீ நேராகக் கறியில் படுவதில்லை. உள்ளே உள்ள உணரி சொல்லும் வெப்பத்தைப் பார்த்து, எவ்வளவு பெல்லட் தள்ளலாம் என்று கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. 110 என்று வைத்தால் 100க்கும் 120க்கும் நடுவே ஏறி இறங்குவது இயல்பு. அதற்காகப் பட்டனைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

இந்த ஊரில் முதல் எதிரி ஈரப்பதம். பெல்லட்டை ஒட்ட வைத்திருப்பது அழுத்தமும் மரத்தின் சொந்தப் பிசினும்தான். காற்றிலிருந்து ஈரம் இழுத்தால் ஊதிப் பொடியாகிவிடும். மழைக்காலத்தில் பெட்டியிலேயே விட்டுவைத்த பெல்லட், திருகுத் தண்டுக்குள் சிமென்ட் போல இறுகி, தண்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் பெட்டியைக் காலி செய்து, பெல்லட்டைக் காற்றுப் புகாத மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். நல்ல பெல்லட்டை ஒடித்தால் 'படக்' என்று சத்தம் வரும், மேற்பரப்பு பளபளக்கும். வளைந்து நொறுங்கினால், மூட்டையின் அடியில் தூள் நிறையக் கிடந்தால், அதைப் போடாதீர்கள். புகை மட்டும் வரும், சூடு ஏறாது.

கொதிகலனுக்கும் ஓட்டல் அடுப்புக்கும் விற்கிற எரிபொருள் பெல்லட் தமிழ்நாட்டில் மலிவாகக் கிடைக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மரத்தூள், கடலைத்தோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அழுத்திச் செய்வது அது. பசையும் பெயின்டும் பட்ட பலகைத் தூள் அதில் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உணவுப் புகைக்கு என்று குறிப்பிட்ட பெல்லட் மட்டும்தான் கறிக்கு ஆகும்.

மரத்தில் ஆப்பிள், செர்ரி, பீக்கன் போன்ற மென்புகை வகைகள் வான்கோழிக்குப் பொருந்தும். ஓக் பரவாயில்லை. ஹிக்கரி கொஞ்சம் தூக்கல். மெஸ்கீட் வேண்டாம். மெஸ்கீட் வேறு யாருமல்ல, நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். மாட்டுக்கறிக்குத் தாங்கும், வெளுத்த நெஞ்சுக்கறியைக் கசக்க வைத்துவிடும். புகை போதவில்லை என்று தோன்றினால், துளையிட்ட புகைக்குழாயில் ஒரு கைப்பிடி பெல்லட் போட்டுப் பற்றவைத்து ஓரத்தில் வைக்கலாம். காய்ந்த கொய்யா மரச் சீவலும் இதற்கு நன்றாக இருக்கும். கொட்டாங்கச்சி போடாதீர்கள், தார் வாடை வரும்.

இரண்டாவது விஷயம் மின்சாரம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் கிரில்லை நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே சொருகினால் கன்ட்ரோலர் அப்போதே போய்விடும். 500 வாட்டுக்குக் குறையாத ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பற்றவைக்கும் முதல் சில நிமிடம்தான் மின்சாரம் அதிகம் இழுக்கும், பிறகு ஒரு சீலிங் ஃபேன் அளவுதான். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏ.சி. மோட்டார் வைத்த பழைய மாடல்களில் விசிறியும் திருகும் இதனால் சற்று மெதுவாகவே சுழலும். சூடு ஏறக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

சமையல் நடுவே கரண்ட் போனால் விசிறி நின்றுவிடும், தீ மட்டும் நிற்காது. காற்று தள்ளாததால் கங்கு திருகுத் தண்டு வழியாகப் பெல்லட் பெட்டியை நோக்கிப் பின்னால் பரவலாம். அதனால் கிரில்லைச் சைன் வேவ் இன்வெர்ட்டர் லைனில் இணைப்பது நல்லது. அது இல்லையென்றால் மூடியைச் சாத்தியே வைத்து, பெட்டியில் புகை வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். கரண்ட் சீக்கிரம் வராது என்று தெரிந்தால், கறியைத் தட்டோடு வீட்டு ஓவனுக்கு மாற்றி 165 டிகிரியில் முடித்துவிடுங்கள். அதுவரை பிடித்த புகை போதும்.

இடம் மொட்டை மாடிதான். பால்கனியில், ஷெட்டுக்குள், ஜன்னல் ஓரத்தில் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சுவரிலிருந்தும் துணிக்கொடியிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் மாலைக் கடல்காற்று தீச்சட்டியையே குழப்பும். பின்பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கட்டும். மழையில் திறந்த வெளியில் ஓட்டாதீர்கள், அது மின்சாதனம்.

வேக வைப்பது

தீச்சட்டியில் பழைய சாம்பல் இருந்தால் முதலில் அள்ளுங்கள். சாம்பல் நிறைந்தால் கம்பி பெல்லட்டைத் தொடாது, தீ பிடிக்காது. பெட்டியில் 5 கிலோ பெல்லட் இருக்கட்டும். பாதிகூடச் செலவாகாது, ஆனால் பெட்டியில் மட்டம் குறைந்தால் நடுவில் குழி விழுந்து திருகு வெறுமனே சுழலும்.

110 டிகிரி வைத்துப் பற்றவைத்து, 15 நிமிடம் விடுங்கள். முதலில் வரும் அடர் வெள்ளைப் புகையில் கறியை வைத்தால் கசக்கும். புகை மெலிந்து, நீலம் கலந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வரும்போதுதான் வைக்க வேண்டும்.

ஒரு தட்டில் வெட்டிய வெங்காயம், ஒரு கேரட், ஒரு டம்ளர் தண்ணீர் போட்டு, அதன் மேல் கம்பித் தட்டு வைத்து, கறியைத் தோல் மேலாக வையுங்கள். உருகும் வெண்ணெய் கிரில்லின் அடித்தகட்டில் கொட்டித் தீப்பிடிக்காமல் இந்தத் தட்டு காக்கும். அதில் சேரும் சாறுதான் பிறகு கிரேவி. கறி ஃபிரிட்ஜிலிருந்து நேரே வரட்டும். குளிர்ந்த மேற்பரப்பில் புகை நன்றாகப் பிடிக்கும். நம் ஊர் வெக்கையில் கறியை வெளியே வைத்துக் குளிர் போக்கத் தேவையே இல்லை. தடித்த கழுத்துப் பக்கம் கிரில்லின் சூடான பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தெர்மாமீட்டரை முந்தைய நாளே சோதித்துவிடுங்கள். ஐஸ் நிரப்பிய தண்ணீரில் 0, கொதிநீரில் 100. சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் இங்கே கொதிநீர்ச் சோதனையைத் தயங்காமல் நம்பலாம். கம்பியை மேலிருந்து கீழாகக் குத்தாமல், கழுத்துப் பக்கத்திலிருந்து படுக்கைவசமாக, தடித்த சதையின் நடுவுக்குச் செலுத்துங்கள். நுனி எலும்பைத் தொட்டால் காட்டும் எண் தவறாக இருக்கும். அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, எங்கே எண் மிகக் குறைவாக இருக்கிறதோ அங்கே விட்டுவிடுங்கள்.

110 டிகிரியில் 45 நிமிடம். புகை பிடிப்பதெல்லாம் இந்த நேரத்தில்தான். பெல்லட் கிரில்லில் சூடு கூடக் கூடத் தீ சுத்தமாக எரிந்து புகை குறைந்துவிடும். பிறகு 165க்கு ஏற்றுங்கள். குறைந்த சூட்டிலேயே கடைசிவரை விட்டால் தோலின் கொழுப்பு உருகாமல் ரப்பர் மாதிரி இழுபடும். தேவையில்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் போகும் சூட்டை மீட்கக் கிரில் அளவுக்கு மீறிப் பெல்லட் தள்ளும், வெப்பம் தாவும்.

1.8 கிலோ துண்டுக்கு மொத்தம் 2 முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். இது விருந்தினரை எத்தனை மணிக்கு அழைப்பது என்று முடிவு செய்வதற்கான கணக்கு மட்டுமே. உள்ளே 66 காட்டும்போது ஒரு தடவை திறந்து தோலைப் பாருங்கள். வெளுத்திருந்தால் 200க்கு ஏற்றுங்கள், கடைசி எட்டுப் பத்து நிமிடத்தில் நிறம் வந்துவிடும். 71 தொட்டதும் வெளியே எடுங்கள். எடுத்த பிறகும் வெளிப்புறச் சூடு உள்ளே இறங்கி 3 டிகிரி ஏறும். தெர்மாமீட்டரைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, 74 வந்ததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் திரும்பக் கிரில்லுக்குள்.

அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றாமல் கூடாரம் போல் மேலே வைத்து, 20 நிமிடம் விடுங்கள். சூட்டோடு வெட்டினால் பலகையில் ஓடுகிற அத்தனையும் கறிக்குள் இருந்திருக்க வேண்டிய சாறு.

கிரில்லை அணைப்பது பிளக்கைப் பிடுங்குவதல்ல. ஷட்டவுன் பட்டனை அழுத்தினால் மிச்சப் பெல்லட் எரிந்து தீரும்வரை விசிறி ஓடும். அதுவாக நிற்கும்வரை காத்திருங்கள்.

வெட்டுவதும் கிரேவியும்

நடு எலும்பை ஒட்டிக் கத்தியை மேலிருந்து கீழாக இறக்கி, விலா எலும்பைத் தடவிக்கொண்டே போனால் ஒரு பக்க நெஞ்சு முழுசாகக் கழன்று வரும். மறுபக்கமும் அப்படியே. பிறகு பலகையில் வைத்து, தசைநாருக்குக் குறுக்காக, சுண்டுவிரல் பாதித் தடிமனில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஓரமாகத் தோல் இருக்க வேண்டும். எலும்பிலேயே வைத்து நீளவாக்கில் சீவினால், நன்றாக வெந்த கறிகூட நாராகத் தெரியும்.

தட்டில் சேர்ந்த சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பில் 2 டேபிள்ஸ்பூன் எடுத்து, அதே அளவு மைதாவை அதில் வாசம் வரும்வரை வறுத்து, சாற்றை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். மிளகு போடுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது.

என்ன தப்பானால் என்ன காரணம்

வெட்டியதும் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரியும். "இன்னும் வேகலையே" என்று வீட்டுப் பெரியவர்கள் தட்டைத் தள்ளி வைப்பார்கள். அது புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு தசை நிறமியோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம், பச்சைக் கறி அல்ல. வேகாத கறி என்றால் சிவப்பு ஓரத்தில் அல்ல, நடுவில், எலும்பருகே இருக்கும். தொட்டால் வழுவழுப்பாகவும் இருக்கும். சந்தேகம் வந்தால் அங்கே தெர்மாமீட்டரைக் குத்தி 74 காட்டுங்கள், பேச்சு முடிந்துவிடும்.

கறி கசந்து, தோல் கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் புகை அழுக்கு. வெள்ளைப் புகை அடங்கும் முன் வைத்திருப்பீர்கள், அல்லது பெல்லட் ஈரம், அல்லது போன தடவைக் கொழுப்பு அடித்தகட்டில் கிடந்து எரிந்திருக்கிறது.

சூடு ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் தீ அணைந்திருக்கலாம். இங்கே அவசரப்பட்டு மறுபடி பற்றவைப்பதுதான் பெரிய தவறு. தீச்சட்டியில் எரியாத பெல்லட் குவிந்திருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் பற்றினால் மூடியையே தூக்கியடிக்கும். அணைத்து, கறியை வெளியே எடுத்து, ஆறவிட்டு, தீச்சட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். அது வரைக்கும் கறி ஓவனில் வேகட்டும். பாதி வெந்த கறியை மேடையில் வைத்துக் காத்திருப்பது, அதுவும் இந்த வெயிலில், கிருமி வளர்க்கிற வேலை.

கறி வெந்தும் உலர்ந்திருந்தால் 74ஐ வெகுவாகத் தாண்டியிருக்கும், அல்லது தெர்மாமீட்டர் எலும்பைத் தொட்டு ஏமாற்றியிருக்கும். மெலிதாக வெட்டி, சூடான கிரேவியில் போட்டுப் பரிமாறுவது ஒன்றுதான் வழி. உப்பு கரித்தால் தோலை எடுத்துவிட்டு, உப்பில்லாத கிரேவியோ தயிர்ப் பச்சடியோ வைத்துச் சமாளிக்கலாம்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மதிய வெயிலில் மாடியிலேயே விருந்து என்றால் ஒரு மணி நேரத்துக்குள். மூன்று நான்கு நாள் தாங்கும். திரும்பச் சூடாக்கும்போது சாறு தெளித்து, மூடி போட்டு, ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். மைக்ரோவேவில் வெறுமனே சுற்றினால் முதல் நாள் காப்பாற்றிய ஈரமெல்லாம் போய்விடும். அதைவிட, உதிர்த்துக் கொத்து பரோட்டாவில் கடைசி ஒரு நிமிடம் போட்டுப் புரட்டுங்கள். சால்னாவின் காரத்துக்கும் அந்தப் புகை மணத்துக்கும் நல்ல பொருத்தம். எலும்புக் கூட்டை இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்தால், மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு எலும்பு ரசம் வைக்கலாம். புளி பாதியளவு போதும்.